வாடை வீசும் மாதங்களில் பெரியவர்களுக்குச் சோறும் தண்ணீரும்

ராமநாதபுரம் கடற்கரையில் குளிர்காலம் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்தது முதல் தை வரைக்கும் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், வடகடலை (பாக் விரிகுடாவை) பார்த்திருக்கும் எங்கள் ஊரில், அந்தக் காற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்து ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். துவைத்த துணி காயாது. தரையில் கால் வைக்க முடியாது. எழுபதைத் தாண்டிய உடம்புக்கு இதுவே பெரிய குளிர்.

என் மாமியாரும் நாங்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பா அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். அவருக்கும் சாப்பாடு இங்கிருந்துதான் போகிறது. இருவரையும் பல வாடைக்காலங்களாகக் கவனித்துவருவதில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு. இந்த மாதங்களில் பெரியவர்கள் சரியாகச் சாப்பிடாமல், குடிக்காமல் போவதற்குச் சமையல் அரிதாகவே காரணமாகிறது. கொல்லைக்குப் போகும் வழி, பல், வெளிச்சம், பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா, அன்றைக்குப் படகு கடலுக்குப் போனதா என்பவைதான் காரணங்கள். அவற்றைச் சரிசெய்தால் சோறு தானாக இறங்குகிறது.

முதலில் தண்ணீர். மழைக்காலம் வந்தால் அத்தை பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். கேட்டால் "தாகம் இல்லை" என்பார். அது பொய்யும் இல்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடம்பு தேக்கிவைத்திருக்கும் நீரின் அளவும் குறைகிறது. சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகத்தின் திறனும் குறைகிறது. தண்ணீர் போதாமல் இருக்கும்போதும் நாக்கு கேட்காது. இதற்கு மேல் அத்தைக்கு வேறொரு காரணமும் இருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் அதை அவரே சொன்னார்: "குடித்தால் நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டும். கொல்லைக்குப் போகிற வழி வழுக்குகிறது. விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும், சொல்லு."

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டித்தான் இருக்கும். மழையில் பாசி பிடித்த சிமெண்டுத் தரை, இருட்டு, காற்றில் அணைந்துபோகும் மின்சாரம். எழுபத்தெட்டு வயதுப் பெண் அந்த வழியை நினைத்து மாலையிலேயே வாயைக் கட்டிக்கொள்வது பிடிவாதமாகாது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை அவர் தெருவில் பார்த்திருக்கிறார். குடி குடி என்று நச்சரிப்பதை விட்டுவிட்டுக் கொல்லையைப் பார்த்தோம். பாசியைச் சுரண்டிப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். சுவரோரம் இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய் அடித்தோம், பிடித்துக்கொண்டு நடக்க. மின்சாரம் போனாலும் எரியும் பல்பு ஒன்றை வாசலில் மாட்டினோம். மழை கொட்டும் இரவுகளுக்காக, நடுவில் துளையிட்டு அடியில் பாத்திரம் பொருத்திய கமோடு நாற்காலி ஒன்றை அவர் படுக்கும் அறை மூலையில் வைத்தோம்.

நாற்காலிக்குத்தான் அத்தை லேசில் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள் அதை வைப்பதா என்ற கூச்சம். மகன் பார்த்துவிடுவானே என்ற கூச்சம் அதைவிடப் பெரியது. பழைய சேலை ஒன்றைத் திரைபோலக் கட்டி, வீட்டில் ஆண்கள் எழுந்திருக்கும் முன்பே நான் கழுவிவைத்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். அதற்குப் பின் மாலை ஆறு மணிக்குப் பால் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கிறார். முதியவர் தண்ணீர் குடிப்பதில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, ராத்திரி அவர் எங்கே போகிறார் என்பதைத்தான்.

இதோடு சேர்த்து மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. ஊரில் நீர் மாத்திரை என்பார்கள். அதைச் சாயங்காலம் போட்டால் இரவு முழுவதும் எழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். என் அப்பா இதற்காகவே மாத்திரையை ஒளித்துவைத்துவிடுவார். நிறுத்துவது ஆபத்து. காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம், மாற்றிக்கொடுத்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து, அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வல்லுநர்கள் முதியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு, நாளொன்றுக்குப் பெண்களுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர். 200 மில்லி டம்ளரில் எட்டு அல்லது பத்து. இதில் பால், தேநீர், காபி, ரசம் எல்லாம் அடங்கும். வெறும் தண்ணீராகவே போக வேண்டியதில்லை என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதய பலவீனமோ சிறுநீரக நோயோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான்.

வாடைக் காலத்தில் பச்சைத் தண்ணீரை யாரும் விரும்புவதில்லை. அதுவும் எங்கள் ஊர்த் தண்ணீர். போர் போட்டால் உவர்ப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைக்க வேண்டும். வராத நாளில் குடத்துக்குக் காசு, அல்லது கேன். உவர்த் தண்ணீர் கொடுத்தால் பெரியவர்கள் ஒரு மிடறோடு டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதில் உப்பும் இருப்பதால் அழுத்தம் உள்ளவர்களுக்கு அது நல்லதும் இல்லை. நல்ல தண்ணீர் குறைவாக இருக்கும் வீட்டில் முதல் குடம் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். கூரையில் மழைநீர் பிடிப்பவர்கள் வடிகட்டிக் கொதிக்கவைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

20 லிட்டர் கேனில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைச் சாய்த்து ஊற்ற அப்பாவால் முடியாது. நாங்கள் யாரும் அங்கே இல்லாத நேரமெல்லாம் அவருக்கு வீட்டில் தண்ணீர் இருந்தும் இல்லாத நிலைதான். திருகு குழாய் வைத்த தாங்கி ஒன்று வாங்கி, குனியத் தேவையில்லாத உயரத்தில் வைத்தோம். கட்டில் பக்கத்தில் ஒரு கையால் தூக்கக்கூடிய சிறிய செம்பில் கொதித்து ஆறிய தண்ணீர். அழுத்தி ஊற்றும் பிளாஸ்குகளை வாங்காதீர்கள். மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அந்த விசையை அழுத்த வலு இருக்காது.

சூடாக, மணமாக, சிறு அளவில், குறித்த நேரத்தில் கொடுத்தால் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் விடிந்ததும் சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்ட சுக்குக் காபி. பத்தரை மணிக்கு வடிகஞ்சியில் சிட்டிகை உப்பும் சீரகமும். மதியச் சோற்றுக்குப் பின் ரசம் தனி டம்ளரில். நாலு மணிக்குத் தேநீர். ஆறு மணிக்குப் பால். மாத்திரை போடும்போது ஒரு மிடறு போதாது, முழு டம்ளர். பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிட்டால் இரவில் எழுவதும் குறைகிறது. வேண்டுமா என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் தலைமுறையில் "வேண்டாம்" என்ற ஒரு பதில்தான் உண்டு. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நீங்களும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கருப்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனை எங்கள் மாவட்டத்தின் செல்வம். எனக்கும் கருப்பட்டிக் காபிதான் பிடிக்கும். ஆனால் கருப்பட்டி சர்க்கரை நோய் உள்ளவர்களை ஒன்றும் செய்யாது என்று நம்பி நாலைந்து வேளை குடிக்கிறவர்கள் ஊரில் நிறைய. கருப்பட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுக்கு மல்லியை இனிப்பில்லாமல் கொடுங்கள், அல்லது பாலில் கலந்து கொடுங்கள்.

கீழக்கரையில் என் தோழி வீட்டில் கடல்பாசியைப் பாலில் காய்ச்சி உறையவைத்துத் தருகிறார்கள். நோன்பு மாதத்தில் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பண்டம். அவள் தன் வாப்பாவுக்காக வாடைக் காலத்திலும் செய்கிறாள். தண்ணீரும் பாலும் ஒன்றாக உள்ளே போகின்றன. சிறு துண்டுகளாக நறுக்கி, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, குடித்த பின் குரல் கரகரத்தாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். மருத்துவரிடம் காட்டாமல் இதையெல்லாம் முயலக்கூடாது. படுக்கவைத்து ஊட்டுவதும் வேண்டாம்.

இனிச் சாப்பாடு. கடற்கரையில் இருந்துகொண்டு புரதத்துக்குப் பஞ்சமா என்று தோன்றும். வாடைக் காலத்தில் பஞ்சம்தான். விசைப்படகுகளுக்குக் கடல் வாரத்தில் மூன்று நாள். காற்று வலுத்தால் கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கனும் கிடைக்காது. வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அங்கிருந்து வரும் மீனுக்கு விலை ஏறிவிடும். அப்போது வீடுகளில் சோறு, ரசம், கருவாடு என்று சுருங்கிவிடுகிறது. வாலிபர்கள் தாங்கிக்கொள்வார்கள். முதியவர்களுக்குத் தசை கரையும். கரைந்தால் எழுந்து நிற்கவே வலு இருக்காது.

வயது வந்த எவருக்கும் இந்திய அளவுப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும்; முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது ஊட்டச்சத்து வல்லுநர் பலரின் கருத்து. 50 கிலோ எடையுள்ள அத்தைக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, 100 கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். மீன் இல்லாத நாளில் இதை எட்டுவது கடினம். அதனால் நான் காலைச் சாப்பாட்டில் பிடிக்கிறேன். இட்லிக்குச் சட்னி மட்டும் போதாது; பருப்பு நிறையப் போட்ட சாம்பார், பக்கத்தில் ஓர் அவித்த முட்டை. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு எங்கள் வீட்டில் முதலில் பெரியவர்கள் தட்டுக்குத்தான் போகிறது. சாயங்காலம் குழைய வேகவைத்த பாசிப்பயறு. குளிர் கூடிய நாளில் உளுந்தங்கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டில் பரிமாறும் வரிசையும் முக்கியம். சோற்றையும் ரசத்தையும் முதலில் போட்டால் நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். மீன் அப்படியே கிடக்கும். நான் மீனையும் முட்டையையும் முதலில் வைக்கிறேன், கொஞ்சம் சோறு பிறகு. கருவாடுதான் உண்டு என்ற நாளில் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவி உப்பை இறக்கிவிட்டுச் சமைக்க வேண்டும்.

பல் இல்லாத வாய்க்கு எங்கள் கரையில் சுறாப்புட்டைப் போல் ஒன்று இல்லை. அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு வதக்கினால் மெல்லவே வேண்டாம். திருக்கையிலும் செய்யலாம். சாளை மலிவான மீன், நல்ல கொழுப்பு உள்ளது, ஆனால் முள். குக்கரில் புளிக்கரைசலோடு சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் முள் நசுங்கும் அளவுக்கு இளகிவிடும். அப்படியும் கையால் ஒருமுறை பிசைந்து பார்த்துவிட்டே தட்டில் வைப்பேன். கணவாய் பெரியவர்களுக்கு வேண்டாம், ரப்பராக இழுக்கும். தை மாதப் பனங்கிழங்கை விட்டுவிட அத்தைக்கு மனமில்லை. அவித்த கிழங்கின் நாரை உருவிவிட்டு, தேங்காய்ப்பூவும் பூண்டும் சேர்த்துச் சிற்றுரலில் இடித்துக் கொடுக்கிறேன். வெற்றிலை இடிக்கும் அதே அளவுச் சிற்றுரல்தான், இதற்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம். கடலைமிட்டாயும் அதில் பொடியாகிறது.

பல்செட் வைத்திருப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். உடம்பு மெலிந்தால் ஈறும் சுருங்கும், பல்செட் ஆடும், புண் வரும். என் அப்பாவுக்கு அப்படித்தான் நாக்கின் ஓரத்தில் புண் இருந்தது; காரம் பட்டால் எரிகிறது என்று சொல்ல வெட்கப்பட்டுப் "பசிக்கவில்லை" என்றார். சுவையும் மணமும் வயதோடு மங்குவதால் பலரும் உப்பையும் காரத்தையும் கூட்டிக் கேட்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் குண்டு மிளகாய் அருமையான மிளகாய்தான், புண்ணுள்ள வாய்க்கு ஆகாது. வறுத்த சீரகம், நசுக்கிய மிளகு, பூண்டு, எலுமிச்சை, கடைசியில் கிள்ளிப்போடும் கொத்தமல்லி ஆகியவை மணத்தால் பசியைக் கிளப்பும். உப்பைக் கூட்டத் தேவையிருக்காது.

வெளிச்சத்தை யாரும் நினைப்பதில்லை. டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடுகிறது, மழை மேகம் இருந்தால் அதற்கும் முன்பே. மங்கிய கண்ணோடு, எவர்சில்வர் தட்டில், மங்கலான பல்பில் வெள்ளைச் சோற்றையும் முள்ளையும் பிரித்துப் பார்க்க முடியாது. தெரியாததைச் சாப்பிடப் பயந்து ஒதுக்கிவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கே வைத்துக்கொண்டு, நல்ல விளக்கின் கீழ், அடர் நிறத் தட்டில் கொடுக்கிறேன்.

தனிமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் சொன்னதாகாது. மகன் கடலில், பேரன் வளைகுடா நாட்டில், மருமகள் வேலையில் என்று இருக்கும் வீடுகள் இந்தக் கரை நெடுக. தட்டை மூடிவைத்துவிட்டுப் போனால் ஆறிய சோற்றை இரண்டு வாய் எடுத்துவிட்டு மீதியைக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள். கீழக்கரைத் தோழியின் தம்பி துபாயில் இருக்கிறார். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஒன்றரை மணி ஆகும்போது அவருக்கு மதிய இடைவேளை. அப்போது வீடியோவில் கூப்பிடுவார். வாப்பா கைப்பேசியை எதிரில் சாய்த்துவைத்துவிட்டு மகனோடு சேர்ந்து சாப்பிடுவார். என் அப்பாவைப் பெரும்பாலும் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிடுகிறோம். மழையில் வர முடியாத நாளில் என் மகன் தன் தட்டையும் தூக்குச்சட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அங்கே போகிறான். தாத்தா சாப்பிட்டாரா என்று அவனைக் கேட்கவேண்டியதே இல்லை.

மார்கழியில் விரதங்களும் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பேன் என்று நிற்கும் அப்பத்தாக்களை நான் அறிவேன். பக்தியைத் தடுக்க நான் யார்? ஆனால் சர்க்கரை மாத்திரை போடுபவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, குறைந்தது பாலும் பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவைக்கலாம். கோயில் குருக்களே சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது.

எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ குறைவாகவோ போவது, நாக்கு வறள்வது, எழும்போது தலைசுற்றுவது, மலச்சிக்கல். தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். வயதான தோல் எப்போதும் தளர்ந்தே இருக்கும். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ரவிக்கை தொளதொளக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வயதானால் இளைப்பது இயல்பு என்று விட்டுவிடக்கூடாது.

திடீர்க் குழப்பம்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. எதிர்வீட்டு அப்பத்தா ஒரு மழை வாரத்தில் பேரனை மகன் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார், பகலெல்லாம் தூங்கினார். மனம் தளர்ந்துவிட்டது என்றுதான் உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீர்த் தொற்றும் இருந்தது. மருந்தும் நீரும் உள்ளே போனதும் சில நாளில் பேரனின் பெயர் சரியாக வந்துவிட்டது. முந்தாநாள் வரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குக் குழம்பினால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள், அன்றைக்கே கொண்டுபோங்கள். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ 108-ஐ அழையுங்கள். உடல்நலச் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உதவி கேட்க 14567.

கடைசியாக, புயல் சின்னம் என்று செய்தி வந்தவுடன் நான் செய்பவை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கடைக்கும் போக முடியாது, அப்பா வீட்டுக்கும் போக முடியாது. அதனால் எச்சரிக்கை வந்ததும் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறோம். ஒரு வாரத்து மாத்திரை, பல்செட், கண்ணாடி மூன்றையும் ஒரே பையில் போட்டு வாங்கிக்கொள்கிறேன். குடிநீரை மூடிய குடங்களில் நிரப்பி, கொதிக்கவைத்த தண்ணீரைத் தனியாக எடுத்துவைக்கிறேன். முட்டை, வறுத்த பயத்தமாவு, பால் பவுடர், வாழைப்பழம், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பொட்டலம் வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து. மண்ணெண்ணெய் அடுப்பாக இருந்தாலும் கேஸாக இருந்தாலும் பாலைச் சூடாக்க ஒன்று வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஆறின பாலை அப்பா தொடமாட்டார்.